மட்டக்குதிரைக்குப் போர்வை: சென்னையில் எப்போது, எப்படி?

மார்கழி பிறந்ததும் புதிதாகக் குதிரை வாங்கியவர்களிடமிருந்து எனக்கு போன் வந்துவிடும். "அண்ணே, ராத்திரி பனி கொட்டுது, போர்வை போடட்டுமா?" வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். குளிர்வது நமக்கு. குதிரைக்கு இல்லை.

ஆரோக்கியமான குதிரை ஏறக்குறைய 5 முதல் 25 டிகிரி வரை தன் உடம்புச் சூட்டைச் சிரமமில்லாமல் காத்துக்கொள்ளும். சென்னையில் தை மாத விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இதமான காற்று அது. குளிர்ந்தால் குதிரையின் முடி சிலிர்த்து நிற்கும், இடையில் காற்று தங்கும், அதுவே அதன் போர்வை. மேலே ஒரு கனமான துணியைப் போட்டால் அந்த முடி படிந்துவிடுகிறது. இன்னொரு அடுப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. காய்ந்த புல் பின்குடலில் நொதிக்கும்போது சூடு வரும். ஈரக்காற்று அடிக்கும் இரவில் நான் செவலைக்கு ஒரு கட்டு புல் கூடுதலாகப் போடுவேன். செவலை எங்கள் மட்டக்குதிரை. 12 கை, அதாவது 48 அங்குல உயரம். 17 வயது.

அப்படியானால் போர்வை எதற்கு? ஈரத்துக்கும் ஈக்கும்தான்.

வடகிழக்குப் பருவமழையில் முடி தோல்வரை நனைந்து, கூடவே கடல் காற்றும் வீசினால் 24 டிகிரியில்கூடக் குதிரை நடுங்கலாம். வாலை இடுக்கிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்கும். காதின் அடிப்பாகம் சில்லென்று இருக்கும். அப்போது முதலில் கூரைக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம் உடம்பில் இருக்கும் தண்ணீரை வழித்து எடுங்கள்.

மெரினாவில் குதிரை வைத்திருந்த என் அப்பா மழை நாளில் ஒரு வேலை செய்வார். நனைந்த முதுகின்மேல் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஒரு கோணிச்சாக்கைப் போட்டு, வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டுவார். சாக்குக்கும் தோலுக்கும் நடுவில் வைக்கோல் இருப்பதால் காற்று ஓடும், ஈரம் மேலே ஏறிச் சாக்கில் சேரும். அரை மணி கழித்துச் சாக்கைத் தொட்டால் ஈரமாக இருக்கும், முதுகு காய ஆரம்பித்திருக்கும். இன்று விற்கிற ஃப்ளீஸ் போர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பணம் இல்லையென்றால் சாக்கும் வைக்கோலும் போதும், நான் இன்னும் அதைத்தான் செய்கிறேன். காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும், அது முக்கியம்.

அந்த முக்கியத்தை நான் கற்றுக்கொண்டது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. நனைந்த உடம்பின்மேல் அவசரத்தில் மழைப்போர்வையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வடிந்து கொட்டகைக்குத் திரும்ப இரண்டு நாள் ஆகிவிட்டது. போர்வையை எடுத்தபோது முதுகு முழுக்க முடி தூரிகை முனைபோலக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. அடியில் பொருக்கு, தொட்டால் செவலை துள்ளினாள். ஈரத்தில் வளரும் ஒரு பாக்டீரியா செய்கிற வேலை அது. கால்நடை மருத்துவர் கிருமிநாசினியால் கழுவச் சொன்னார், காயவைக்கச் சொன்னார், போர்வையே கூடாது என்றார். முதுகு ஆற வாரக்கணக்கில் ஆனது. மழைப்போர்வை, காய்ந்த குதிரைக்கு மழைக்கு முன்னால் போடுவது. பஞ்சு வைக்காத, காற்றுப் புகும் மெல்லிய வகையாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 200 கிராம், 300 கிராம் பஞ்சு வைத்தவை குளிர்நாட்டுக்கு உரியவை, இங்கே வாங்கவே வாங்காதீர்கள். மழை விட்டதும் கழற்றுங்கள். விடாவிட்டாலும் நாளுக்கு இருமுறை கழற்றி, தோளுக்குப் பின்னால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வியர்வையோ ஈரச்சூடோ தெரிந்தால் அது தேவையில்லாத போர்வை.

அளவுக்கு நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வால் தொடங்கும் இடம்வரை நாடா பிடியுங்கள். செவலைக்கு 5 அடி 3 அங்குலம். சிறியதானால் தோளில் முடி உதிரும், பெரியதானால் சரிந்து காலில் சிக்கும்.

போடும்போது போர்வையை மடித்து, கழுத்துப் பக்கமாகச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுங்கள், முடி படிந்து வரும். முன்னோக்கி இழுத்தால் முடி எதிராக நின்று உறுத்தும். நெஞ்சு வாரை முதலில் மாட்டுங்கள், பிறகு வயிற்று வார், கடைசியில் பின்னங்கால் வார். கழற்றும்போது தலைகீழாக, பின்னங்கால் முதலில். நெஞ்சு வாரை அவிழ்த்த நிலையில் குதிரை மிரண்டு ஓடினால் போர்வை பின்னால் வழிந்து காலைச் சுற்றிக்கொள்ளும். வயிற்று வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ளங்கை அகலம் இடம் இருக்கட்டும்.

ஈ கடிக்காமலிருக்கக் குதிரைமேல் போர்த்தும் ஈ வலை வேறு விஷயம். மழைக்காலத்தில் கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயின் கிருமியைக் குதிரைக்குக் குதிரை கடத்துகின்றன. ஈ வலை கடியைக் குறைக்கும், நோயை முழுதாகத் தடுக்காது. விட்டு விட்டுக் காய்ச்சலும், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கமும் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வலை வெள்ளை நிறமாக, பெரிய கண்ணுடையதாக இருந்தால் உடம்பு சூடாகாது. இரவில் கழற்றிவிடுவேன்.

கத்திரி வெயிலில் எதுவுமே வேண்டாம். ஈரத்துணியைப் போர்த்தினால் குளிர்ச்சி என்று நினைக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சிறிது நேரத்திலேயே சூடாகி, வியர்வை ஆவியாக விடாமல் தடுக்கும். துணியில்லாமல் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுங்கள், நிழலும் காற்றும் கொடுங்கள்.

விதிவிலக்கு உண்டு. மெலிந்த கிழக்குதிரை, நோயிலிருந்து எழுந்தது, முடி வெட்டப்பட்டது, சென்னையிலிருந்து திடீரென டிசம்பரில் கொடைக்கானலுக்கு ஏற்றிப்போகிற குதிரை. இவற்றுக்கு மெல்லிய போர்வை நியாயம்தான். கொடைக்கானலிலேயே இருக்கும் குதிரைகளுக்குக் குளிருக்கேற்ற முடி தானாகவே வளர்ந்திருக்கும்.

மழைப்போர்வையைச் சோப்புத்தூளில் துவைத்தால் நீர் ஒட்டாத பூச்சு போய்விடும். வெறும் தண்ணீரில் தேய்த்து நிழலில் காயவையுங்கள். கடற்கரைப் பக்கம் பக்கிள்கள் சீக்கிரம் துரு ஏறும், மாதத்துக்கு ஒருமுறை வாசலின் தடவுகிறேன். ஐப்பசிக்கு முன் எலி கடித்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, நடுவில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் அடிப்பக்கம் கசிந்தால் அந்தப் போர்வையை மழைக்கு நம்ப வேண்டாம்.