வெப்சைட் படத்தைச் சுருக்க வாட்ஸ்அப் போதும்

கடை வெப்சைட்டில் படம் ஏற்றும் முன், அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் வழியாக இறக்கி, அந்தப் படத்தை ஏற்றுங்கள். போனில் எடுத்த காருகுறிச்சி மண்பானைப் படம் ஒன்றே 4 எம்பி வரை வரும். வாட்ஸ்அப் அதைச் சில நூறு கேபியாகச் சுருக்கிவிடும். பத்துப் படம் உள்ள பக்கம்கூட, சிக்னல் மந்தமான ஊரில் சீக்கிரம் திறக்கும். படத்தோடு ஒட்டியிருக்கும், அதை எடுத்த இடத்தின் விவரமும் கழன்றுவிடும், வீட்டிலேயே தொழில் செய்கிறவர்களுக்கு அது நல்லதுதான். ‘எச்டி’யாக அனுப்பினால் படம் இந்த அளவு சுருங்காது, டாக்குமென்ட்டாக அனுப்பினால் இந்தப் பலன் எதுவும் இல்லை. பத்தமடைப் பாயின் இழையைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய படத்துக்கும், பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும் படத்துக்கும் இது வேண்டாம், ஒரிஜினலையே கொடுங்கள்.