அடைமொழியை எடுத்துவிட்டுப் பாருங்கள்

ஒரே பொருள் போலத் தெரியும் இரண்டு ஆங்கிலச் சொற்களில் எதைப் போடுவது என்று தடுமாறினால், 'குட்', 'நைஸ்' போன்ற அடைமொழிகளை நீக்கிச் சொல்லைத் தனியாக நிறுத்திப் பாருங்கள். அடைமொழி சொல்லின் சொந்தச் சாயலை மறைத்துவிடும். அது போனதும் சாயல் வெளியே வந்துவிடும்.

ஏற்காட்டுக் காப்பித்தூள் பாக்கெட்டுக்கு 'குட் ஸ்மெல்' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'குட்' போனால் 'இட் ஸ்மெல்ஸ்', அதாவது நாறுகிறது. (ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த நம் 'நாற்றம்' இறங்கிப்போன மாதிரிதான்.) 'ஓடர்' பெரும்பாலும் கெட்ட வாடைக்கே. 'அரோமா' தனியாக நின்றாலும் மணக்கும். காப்பிக்கு அதையே போடுங்கள். சேலத்து வெள்ளிக் கொலுசை 'சீப்' என்றால் விலையோடு தரமும் இறங்கும், 'அஃபோர்டபிள்' என்றால் விலை மட்டும். பஸ் டிக்கெட்டுக்கு 'சீப்' தாராளமாக எழுதலாம். அங்கே தரம் பற்றிய பேச்சே எழாது.

வழக்கால் மட்டும் வேறுபடும் சொற்களுக்கு இந்தச் சோதனை உதவாது. சேர்வராயன் மலை 'ஹை', அதில் நிற்கும் சில்வர் ஓக் மரம் 'டால்'. இரண்டுக்கும் பொருள் உயரம்தான், சாயலிலும் வேறுபாடு இல்லை. இதற்கு அகராதியின் உதாரண வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும்.