கனமான ஸ்குவாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் சேஃப்டி பின்னைப் பாருங்கள்

சென்ற வாரம் பெரம்பூரில் நான் பயிற்சி செய்யும் ஜிம்மில், ஓர் இளைஞர் 120 கிலோ ஏற்றிய பார்பெல்லைத் தோளில் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்காக ராக்குக்குள் (கம்பியை வைக்கும் இரும்புச் சட்டகத்துக்குள்) நின்றார். எழ முடியாதபோது இரு பக்கமும் கம்பியைத் தாங்க வேண்டிய சேஃப்டி பின்கள் எனும் இரும்புத் தண்டுகள் முழங்காலுக்கும் கீழே, எதற்கும் உதவாத துளையில் கிடந்தன. பின்னால் அவருடைய நண்பர் அவரது அக்குளுக்கு அடியில் கைகளை நீட்டியபடி நின்றார். நான் பின்னைச் சுட்டிக்காட்டியபோது, "அண்ணா, இவன் பிடிச்சுப்பான்" என்று அந்த இளைஞர் நம்பிக்கையோடு சொன்னார். அதே சொல்லை அதே நம்பிக்கையோடு ஒரு காலத்தில் நானும் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

முதுகு வளையக் கூடாது, குதிகால் எழக் கூடாது என்பவற்றை எந்த மாஸ்டரும் முதல் நாளே சொல்லிவிடுவார். பஸ்கி எடுத்துப் பழகியவர்களுக்கு ஆழமாக உட்காருவதும் பெரும்பாலும் சிரமமாக இருப்பதில்லை. ஆகவே, கம்பியின் எடை நம் உடல் எடையைத் தாண்டிய பிறகு நேரும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நண்பனை நம்பிப் பின்னை மறப்பது

12 ஆண்டுகளுக்கு முன், அயனாவரத்தில் ஒரு சிறிய ஜிம்மில், 130 கிலோவுடன் மூன்றாவது முறை இறங்கிய நான் எழும்போது பாதியில் நின்றுவிட்டேன். பின்னால் நின்ற நண்பன் என் மார்பைச் சுற்றிக் கைகொடுத்து மேலே இழுத்தான். இழுத்த வேகத்தில் என் உடல் நிமிர, கம்பி முதுகில் உருண்டு அவன் கைகளின் மேல் விழுந்து, இடது மணிக்கட்டை முறித்தது. அவன் வெல்டிங் வேலை செய்பவன். இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த ராக்கிலும் பின்கள் இருந்தன. அவற்றை உயர்த்த அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தூக்குபவர் தொடர்ந்து முயன்றுகொண்டிருக்கும் வரை, பின்னால் நிற்பவர் சிறிதளவு உதவினாலே போதும். அதனால்தான் பல நாட்கள் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும். தூக்குபவர் முயற்சியைக் கைவிடும் நொடியில் முழு எடையும் கீழே வரும். கைகளை நீட்டிக் குனிந்து நிற்கும் ஒருவரால் அதைத் தாங்கவே முடியாது. பவர்லிஃப்டிங் என்னும் எடை தூக்கும் போட்டிகளில் கம்பியின் இரு முனைகளிலும் ஆட்கள் நிற்பதற்கும், மேடையில் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும் என்று விதி இருப்பதற்கும் காரணம் இதுதான்.

பின்னின் உயரத்தை 20 கிலோ வெறும் கம்பியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக இறங்கும் ஆழம் வரை இறங்கி, அங்கே கம்பிக்கும் பின்னுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும்படி அமையுங்கள். பிறகு 40 கிலோவில் வேண்டுமென்றே தோற்றுப் பழகுங்கள்: முன்னால் சரியாமல், மூச்சை விடாமல், நேராக உட்கார்ந்து கம்பியைப் பின்னின் மேல் வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். பிளேட்டுகள் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பைக் கம்பியின் இரு முனைகளிலும் போட மறக்காதீர்கள். ஒரு பக்கம் முதலில் மோதி, கம்பி சாய்ந்து பிளேட்டுகள் வழுக்கிவிட்டால் மறுபக்கத்தின் எடை கம்பியையே புரட்டிவிடும்.

உங்கள் ஜிம்மில் பின் இல்லாத வெறும் ஸ்டாண்டு மட்டும்தான் உள்ளது என்றால், இன்னும் இரண்டு முறை எழ முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். உச்ச எடையை அங்கே முயலவே வேண்டாம்.

பெல்ட்டைக் கட்டினால் போதும் என்று நினைப்பது

எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் முதுகைத் தாங்குவதில்லை. மூச்சை வயிறு நிறைய இழுத்துப் பிடித்து, வயிற்றைச் சுற்றிலும் பெல்ட்டின் மீது அழுத்தும்போது உள்ளே உருவாகும் அழுத்தமே முதுகெலும்பை நிலைப்படுத்துகிறது. பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் குறுகியும் உள்ள ஸ்பான்ஜ் பெல்ட்டில் வயிறு அழுத்துவதற்குப் போதிய பரப்பு இல்லை. சுற்றிலும் ஒரே அகலமுள்ள தோல் பெல்ட்டை வாங்குங்கள். போட்டி விதி அனுமதிக்கும் உச்ச அளவு 10 சென்டிமீட்டர் அகலமும் 13 மில்லிமீட்டர் தடிமனும். தொடக்கத்தில் 10 மில்லிமீட்டர் தடிமனே போதும்.

வழுக்கும் பாலியஸ்டர் சட்டை

கத்திரி வெயில் நாட்களில், ஏசி இல்லாத ஜிம்மில், இரண்டாவது செட்டுக்குள் முதுகு நனைந்துவிடும். ஈரமான பாலியஸ்டரில் கம்பி மெல்ல இறங்கும்; அதைத் தடுக்க மணிக்கட்டு வளைந்து எடையைச் சுமக்கத் தொடங்கும். நானும் இரண்டு மாதம் மணிக்கட்டு வலிக்கு மருந்து தடவிய பிறகே காரணத்தைக் கண்டுபிடித்தேன். பருத்திச் சட்டை அணியுங்கள், மாற்றுச் சட்டை ஒன்றும் கொண்டு செல்லுங்கள்.

ஓடுவதற்கான ஷூ

வேண்டாம். அமுங்காத, கடினமான அடிப்பாகம் உள்ள ஷூ தேவை.

கம்பியில் சுற்றும் ஸ்பான்ஜ்

கழற்றிவிடுங்கள், அதன் மேல் கம்பி உருளும்.

கொக்கியின் உயரம்

ராக்கின் கொக்கியில் வைத்த கம்பி நடு மார்பு உயரத்தில் இருக்கட்டும். குதிகாலை உயர்த்திக் கம்பியை எடுக்கும் நிலை இருந்தால், களைத்துப்போய்த் திரும்பும்போது அதே உயரத்துக்கு அதை ஏற்ற உங்களால் முடியாது.