பழைய எம்.ஜி.பி. காருக்கு இக்னிஷன் டைமிங் வைப்பது எப்படி?

டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் கணம். முதல் தடவை அதை வைத்தபோது நான் விட்ட பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் வைத்து டைமிங்கை அழகாகச் சரிசெய்தேன். மறுநாள், பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனையான பழைய பொயின்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிது பூட்டினேன். பிறகு டைமிங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரமே கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில், பால்பேணிக்குள் மாபிள் போட்டுக் குலுக்கியது போல எஞ்சின் கிணுகிணுத்தது. பொயின்ட் இடைவெளி கூடினால் அது முன்கூட்டியே திறக்கும், பொறியும் முன்கூட்டியே விழும். அதனால் பொயின்ட் முதலில், டைமிங் பிறகு. இந்த ஒழுங்கு மட்டும் மாறவே கூடாது.

இங்கே சொல்லும் கணக்கு 1960களில் வந்த, அமுக்க விகிதம் கூடிய 1798 சிசி எஞ்சினுக்கும் லூகஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கும் உரியது. பிந்திய மொடல்களுக்கு அளவு வேறு. உங்கள் எஞ்சின் இலக்கத்தைக் கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தேவையானவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு வயர் பூட்டிய 12 வோல்ட் சின்ன பல்ப், டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு), வெள்ளை வைட்னர். இல்லாததை, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடிக்கொள்ளலாம்.

காரைச் சமதரையில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். 4ஆவது கியரில் போட்டுக் காரை மெதுவாக முன்னுக்குத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இலகுவாகச் சுற்றும். பொயின்ட்டின் குதி, நடுத்தண்டின் மேடான கேமின் உச்சியில் ஏறி நிற்கும்போது இடைவெளி 0.38 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். சிக்கவும் கூடாது, தொளதொளவென்று போகவும் கூடாது. ஸ்குரூவை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும். இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளந்து பாருங்கள்.

அடுத்தது அடையாளம். எஞ்சின் முன்பக்கத்தில் ஃபேன் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புலியில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். பல வருட எண்ணெய் அழுக்கில் அது கண்ணுக்கே தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெட்டுக்குள் வைட்னரை ஒரு சொட்டு விடுங்கள். ஆரம்பகால கார்களில் சுட்டிகள் புலிக்குக் கீழே இருக்கும். நீளமானது உச்சிப்புள்ளி (பிஸ்டன் மேலே ஏறி நிற்கும் இடம்), மற்றவை அதற்கு முந்திய 5, 10 டிகிரி. முந்திய காரென்றால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பல்ப் முறை. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1ஆம் சிலிண்டர். ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் சுற்றும் கை) அதன் வயருக்கு நேராகவும், வெட்டு 10 டிகிரிச் சுட்டிக்கு நேராகவும் வரும்வரை சுற்றுங்கள். பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய வயர் பூட்டும் இடத்திலும், மற்றதை எஞ்சின் உடலிலும் பிடித்துச் சாவியைப் போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புங்கள். பல்ப் எரியும் அந்தக் கணம்தான் பொயின்ட் திறக்கும் கணம். அந்த இடத்திலேயே இறுக்குங்கள். ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும். சாவியை நெடுநேரம் போட்டபடி விடாதீர்கள், பொயின்ட் மூடியிருந்தால் கொயில் சுடும். கழற்றியதையெல்லாம் பூட்டிவிட்டு எஞ்சினைச் சூடேற ஓடவிடுங்கள்.

டைமிங் லைட்டில்தான் பலர் தடுமாறுவார்கள். இந்தக் காரில் பற்றரி சீட்டுக்குப் பின்னால் இருக்கும், லைட்டின் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. 1967 வரை வந்தவற்றில் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். எனக்குப் பிடித்த வழி, எஞ்சினுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு 12 வோல்ட் பற்றரியை வைத்து லைட்டை அதில் பூட்டுவது. கவ்வியை 1ஆம் பிளக் வயரில் மாட்டினால் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வெக்கும் (வெற்றிட) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கை நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மையவிலக்கு எடைகள் டைமிங்கைக் கொஞ்சம் முன்னேற்றுவதால், அந்த வேகத்தில் வெட்டு 10இல் அல்ல, 14 டிகிரியில் நிற்க வேண்டும். டயல் உள்ள லைட்டென்றால் 14இல் வைத்து உச்சிப்புள்ளிச் சுட்டியோடு பொருத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஏ, ஆர் என்று அடையாளமிட்ட திருகு இருக்கிறது. ஏ பக்கம் முன்னேற்றும், ஆர் பக்கம் பின்வாங்கும். சின்னத் திருத்தங்களுக்கு அதுவே போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: லைட் வெளிச்சத்தில் ஃபேன் இதழ் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சாரத்தோடோ தொங்கும் சட்டையோடோ குனியாதீர்கள். மூடிய கராஜுக்குள் இந்த வேலையே வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது வெட்டு வழுவழுப்பாக நகர்ந்து முன்னேற வேண்டும். நகரவே இல்லையென்றால் உள்ளே மையவிலக்கு எடைகள் இறுகியிருக்கலாம். வெட்டு தாறுமாறாகத் துள்ளினால் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதற்கு எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, நல்ல பாஸ் ஒருவரிடம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

கடைசியாக வெக்கும் குழாயைப் பூட்டி, 95 ஒக்டேன் பெற்றோல் அடித்துக்கொண்டு, ஞாயிறு விடியற்காலையில் மரைன் டிரைவுக்குப் போங்கள். 4ஆவது கியரில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நன்றாக மிதியுங்கள். கிணுகிணுப்புக் கேட்டால் காலை உடனே எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து 1 டிகிரி பின்வாங்கிவிட்டு மறுபடி ஓடிப் பாருங்கள். சத்தம் நின்றதும் கிளாம்ப் போல்ட் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, லைட்டால் இன்னொருமுறை பார்த்து, கிடைத்த டிகிரியைத் திகதியோடு பொனட்டின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.