வயல் மோட்டாரும் ஒயரும் களவு போனால்: மனு எழுதுவது முதல் எஃப்.ஐ.ஆர். வாங்குவது வரை

சம்பா அறுவடை முடிந்து குறுவைக்கு நாற்று விடும்வரை டெல்டாவில் பல போர்செட்டுகள் சும்மா கிடக்கும். ஒயர் திருடுகிறவர்களுக்கு அதுதான் பருவம். அவர்களுக்கு வேண்டியது மோட்டாரைவிட அதற்குள் இருக்கும் செம்பு. அதனால் கேபிளை அறுத்து, ஆற்றுப்படுகையிலோ தோப்பிலோ வைத்து மேல்தோலைக் கொளுத்தி, கம்பியை மட்டும் எடைக்குப் போடுகிறார்கள். எரித்த பிறகு எது யாருடைய ஒயர் என்று நிரூபிக்க வழி இல்லை. இப்படிப்பட்ட வழக்கில் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் முதல் நாள் கொடுக்கும் மனுதான். அது சரியாக இருந்தால் வழக்கு நகரும். இல்லையென்றால் மனு ரசீதோடு நின்றுவிடும்.

கொட்டகைக்குள் கால் வைப்பதற்கு முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். அறுத்த ஒயரின் மறுமுனையில் கரண்ட் இருக்கலாம், தரையும் ஈரமாக இருக்கும். லைன்மேனைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் மின்னகம் எண் 94987 94987. மின்வாரியத்தின் கம்பியோ டிரான்ஸ்ஃபார்மர் காயிலோ போயிருந்தால் அந்தப் புகாரை வாரியம்தான் கொடுக்க வேண்டும். அது 2003 மின்சாரச் சட்டம் 136-ஆவது பிரிவின்கீழ் வரும் தனிக் குற்றம். உங்கள் மனுவில் அதையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

பிறகு 100 அல்லது 112-க்குத் தகவல் சொல்லுங்கள். போலீஸ் வரும்வரை பேனல் போர்டு, உடைத்த பூட்டு, காலடித் தடம், காலி பாட்டில் எதையும் தொடாதீர்கள். அறுபட்ட முனையை அருகிலும் தூரத்திலும் வைத்துப் போட்டோ எடுங்கள். வாய்க்கால் கரையிலோ படுகையிலோ கருகிய பிளாஸ்டிக் சாம்பல் கிடந்தால் அதையும் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். எந்தப் பக்கமாகப் போனார்கள், எந்த ஊர் காயலான் கடையை விசாரிக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சாம்பல்தான் முதல் துப்பு.

எந்த ஸ்டேஷன் என்பதில் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலும் இருக்கும். கொள்ளிடத்தைத் தாண்டினால் மாவட்டமே மாறிவிடும். வயல் இருக்கும் வருவாய்க் கிராமம் எந்த எல்லையில் வருகிறதோ அந்த ஸ்டேஷன்தான் விசாரிக்கும். ஆனால் “எங்கள் எல்லை இல்லை” என்று உங்களைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆவது பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். ஆன்லைனிலும் தகவல் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும்.

மனுவை வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். ஆய்வாளருக்கு என்று முகவரியிட்டு இரண்டு பிரதி எடுங்கள். உள்ளே கட்டாயம் இருக்க வேண்டியவை:

இடம். “பிள்ளையார் கோயில் பக்கத்து அஞ்சு மா” என்றால் ஊருக்குப் புரியும், கோர்ட்டுக்குப் புரியாது. கிராமம், சர்வே எண், மின் இணைப்பு எண் மூன்றும் வேண்டும்.

நேரம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மோட்டார் கடைசியாக ஓடி மூன்று வாரம் ஆகியிருக்கும். தாமதம் கேட்பார்களே என்று பயந்து “நேற்று இரவு” என்று எழுதிவிடுவார்கள். பிறகு கேமரா பதிவையும் செல்போன் டவர் விவரத்தையும் தவறான நாளில் தேடுவார்கள். ஆள் பிடிபட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே வழக்கை உடைப்பார். கடைசியாக முழுசாகப் பார்த்த நாள், காணவில்லை என்று தெரிந்த நாள், நேரம் இரண்டையும் உள்ளபடி எழுதுங்கள். இடைவெளிக்கான காரணத்துக்கு ஒரு வரி போதும்: “அறுவடைக்குப்பின் மோட்டார் இயக்கப்படவில்லை.”

பொருள். “மோட்டார் ஒன்று, ஒயர் கொஞ்சம்” என்பது விவரமே இல்லை. “5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், இன்ன கம்பெனி, வரிசை எண் இன்னது. மூன்று கோர் தட்டைக் கேபிள், 4 சதுர மி.மீ., 60 மீட்டர்” என்ற அளவுக்கு இருக்க வேண்டும். வரிசை எண் மோட்டாரின் பெயர்த்தகட்டிலும் வாங்கிய பில்லிலும் இருக்கும். பில் இல்லையென்றால் விற்ற கடையில் பழைய பில்லின் நகல் கேளுங்கள்.

மதிப்பு. இது பலருக்கும் தெரியாத இடம். புதிய சட்டப்படி 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத வகையில் சேர்ந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் விசாரணை கிடையாது. “ஒயர் ஒரு நாலாயிரம் இருக்கும்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. கூட்டிச் சொல்லவும் வேண்டாம், பொய்த் தகவல் தனிக் குற்றம். பில் விலையை எழுதி, கேபிள், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் என்று போன அனைத்தையும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டுங்கள்.

பூட்டிய கொட்டகையை உடைத்து எடுத்திருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பொருளைப் பாதுகாக்கப் பயன்படும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவில் வரும், ஏழு ஆண்டு வரை தண்டனை. திறந்த வரப்பிலிருந்து போனால் 303(2), மூன்று ஆண்டு வரை. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதியவும் ஸ்டேஷனுக்கு வழியுண்டு.

சந்தேகப் பெயர் கேட்பார்கள். பார்த்த சாட்சி இருந்தால் மட்டும் எழுதுங்கள். வரப்புத் தகராறுக்காரர் பெயரைச் சேர்த்தால் திருட்டு வழக்கு பங்காளிச் சண்டையாக மாறும், உண்மையான திருடன் சௌகரியமாகத் தூங்குவான்.

ஸ்டேஷனில் முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் மனு ரசீதுதான், சி.எஸ்.ஆர். என்பார்கள். அது மனு வாங்கியதற்கு அத்தாட்சியே தவிர வழக்கு அல்ல. குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் போட்டிருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். அதன் நகல் இலவசம், அது உங்கள் உரிமை. ஸ்டேஷன் ரைட்டரிடம் வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள்: பொருள் பட்டியல், மதிப்பு, நாள், பிரிவு. தவறு இருந்தால் அன்றே எழுத்தில் கொடுங்கள்.

பதிய மறுத்தால் ஏட்டிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. மனுவின் நகலையும் மறுத்த விவரத்தையும் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பி.என்.எஸ்.எஸ். 173(4) சொல்லும் வழி அதுதான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவும் கடைசியில் எஸ்.பி. அலுவலகத்துக்கே வரும், சுற்றுவழி. எஸ்.பி.யிடமும் நகராவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-இன்கீழ் மனு. தபால் ரசீது இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போலீஸ் தானாக விசாரிக்கத் தகுந்த குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பதிந்த பின், 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மோட்டார் கிடைத்துவிட்டால் அது நேராக உங்கள் கைக்கு வராது, கோர்ட் சொத்தாகிவிடும். வழக்கு நிலையைப் பொறுத்து பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-இன்கீழ் இடைக்காலமாகக் கேட்டு மனுப் போட வேண்டும். பில்லும் வரிசை எண்ணும் பொருந்தினால் பாண்டு எழுதி வாங்கி ஒப்படைப்பார்கள். ஒப்படைக்கும் முன் போட்டோவும் மகஜரும் (சாட்சிகள் முன் எழுதும் பொருள் விவரக் குறிப்பு) முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியாமல் காயில் ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டால், சாட்சி சொல்லப் போகும் நாளில் அடையாளம் காட்டப் பெயர்த்தகடுகூட மிஞ்சாது.