ஒவ்வாமைத் தோல் உள்ள பிள்ளைக்கு சன்ஸ்கிரீன்: நாங்கள் பிழை விடும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் நேரே உச்சிக்கு வந்துவிடும். நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் ஓகஸ்டில்தான். சட்டை இல்லாமல் வேட்டியோடு நிற்கும் பொடியன்களின் முதுகு அந்த வெயிலில் சிவந்துபோகும். கரப்பன் உள்ள பிள்ளை என்றால் கட்டாயம் பாதுகாப்பு வேணும். ஆனால் பொருந்தாத கிறீம் பூசினால் தோல் இன்னும் மோசமாகும்.

பெரிய பிழை, போத்தலின் முன்பக்கத்தை நம்புவது. 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை வரும் வாய்ப்புக் குறைவு) என்று போடுவதற்குப் பல நாடுகளில் கண்டிப்பான விதி எதுவும் இல்லை. குழந்தைப் படமும் ஒரு உத்தரவாதம் அல்ல. போத்தலைத் திருப்பி, பொடி எழுத்தை வடிவாக வாசியுங்கள். வெயிலைத் தடுக்கும் பொருளாக சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டைஒக்சைட் மட்டும் இருந்தால் நல்லது; இவற்றுக்கு ஒவ்வாமை வருவது அரிது. முகம் வெள்ளையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஒவ்வாமை தரக்கூடிய ஒக்சிபென்சோன், ஒக்டோக்ரிலீன், மெதைல்ஐசோதயசோலினோன், பர்ஃபியூம் என்று கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். 'அன்சென்டட்' (மணமில்லாதது) என்றாலும் கவனம்: மணத்தை அமுக்கவே வாசனைப்பொருள் சேர்த்திருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து சித்தி கொண்டுவந்த போத்தல் என்பதற்காகப் பிள்ளைக்குப் பூசாதீர்கள். அது பெரியவர்களுக்கான வாசனைக் கிறீமாக இருக்கலாம், காலாவதியும் ஆகியிருக்கலாம். மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் 12எம் என்று இருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும்.

புதுக் கிறீமை முதல் நாளே முகம் முழுக்கப் பூசுவதும் பிழை. முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் தினம் இருமுறை, ஒரு கிழமைக்குப் பூசிப் பாருங்கள். தோலில் பட்ட பொருளால் வரும் தொடு ஒவ்வாமை தெரிய ஒன்றிரண்டு நாள்கூட எடுக்கும்; ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியாது.

போத்தலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்பது வெயிற் பாதுகாப்பு அளவு; எஸ்பிஎஃப் 30 ஏறத்தாழ 97 வீதமும், 50 ஏறத்தாழ 98 வீதமும் தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யுவிபி கதிரைத் தடுக்கும். பெரிய இலக்கத்துக்குக் காசைக் கொட்டுவதைவிடத் தாராளமாகப் பூசுவது முக்கியம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, காரைநகர் கசூரினாக் கடலில் குளித்து ஏறினாலும், வேர்த்தாலும், மறுபடி பூசுங்கள். ஸ்பிரே வேண்டாம், பிள்ளை மூச்சோடு இழுத்துவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் பருத்தி உடுப்பும் தொப்பியும்தான் பாதுகாப்பு.

இன்னொன்று, தேசிக்காய் பிழிந்த கையோடு பிள்ளையை வெயிலில் விடாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் படக் கொப்புளம் போடும், பிறகு கறுப்புத் தழும்பு கனநாள் நிற்கும்.

பூசிய இடம் கடித்து, தடித்தால் உடனே கழுவிவிடுங்கள். அடங்காவிட்டால் தோல் வைத்தியரிடம் போகும்போது அந்தப் போத்தலையும் கொண்டுபோங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடிப் பிடிக்க அது வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.