அமெரிக்காவில் நர்சிங் உதவியாளர்: முதல் வேலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டர் ஒருவர் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியோரும் நீண்டநாள் நோயாளிகளும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். இந்த வித்தியாசம் தெரியாமல், நர்சிங் உதவியாளர் வேலை (நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது போன்ற அன்றாடப் பராமரிப்பு) தேடுகிறவர்கள் பலர் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கு முதலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் இந்த இல்லங்கள்தான். மருத்துவமனையில் பேஷன்ட் கேர் டெக்னீஷியன் (நர்ஸுக்கு உதவும் பராமரிப்புப் பணியாளர்) ஆக வேண்டுமானால், ரத்தம் எடுப்பது, ஈசிஜி எடுப்பது போன்றவையும் தெரிந்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள்.

பயிற்சிக்குப் பணம் கட்டுவதில் அவசரம் வேண்டாம். 1987-இல் வந்த மத்திய அரசுச் சட்டத்தின்படி பயிற்சி குறைந்தது 75 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 160. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) நிதி பெறும் முதியோர் இல்லம் உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு பயிற்சி தந்தால், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தக் காசில் படித்தவர்களும், முடித்த 12 மாதங்களுக்குள் அப்படியோர் இல்லத்தில் சேர்ந்தால் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. இதை விசாரிக்காமல் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மாநிலம் அங்கீகரிக்காத வகுப்பில் சேர்ந்தால், பயிற்சிக்குப்பின் தேறவேண்டிய தகுதித் தேர்வைப் பெரும்பாலான மாநிலங்களில் எழுதவே முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

செய்முறைத் தேர்வில் திறமைசாலிகளையும் மறதி கவிழ்த்துவிடும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நோயாளியை மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி வைப்பார்கள், வழுக்காத காலணி அணிவிப்பார்கள், இடுப்புப் பட்டையைக் கட்டுவார்கள். சக்கரத்தின் பிரேக்கை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். உட்காரும் நொடியில் நாற்காலி பின்னால் நகர்ந்தால், எண்பது வயது இடுப்பெலும்பு தாங்குமா? பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போட்டாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

நேர்காணலில் ஆர்வக்கோளாறுதான் எதிரி. “நோயாளி வலியில் துடிக்கிறார், நர்ஸ் வேறு அறையில் இருக்கிறார், மாத்திரை மேசைமேல் இருக்கிறது; என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், நானே கொடுத்துவிடுவேன் என்று சொல்லாதீர்கள். மருந்து கொடுப்பது நர்சிங் உதவியாளரின் வேலை அல்ல. நர்ஸிடம் உடனே தெரிவிப்பேன், அவர் வரும்வரை நோயாளியின் அருகில் இருப்பேன் என்பதுதான் பதில். தன் எல்லை தெரிந்தவரை நம்பித்தான் ஓர் உயிரை ஒப்படைப்பார்கள்.

நம்மவர்களுக்கே உரிய இரண்டு தவறுகளையும் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மாதக்கணக்கில் உடம்பு துடைத்துவிட்டு, உணவு ஊட்டியவர்கள்கூட, “எனக்கு அனுபவம் இல்லை” என்று தலைகுனிகிறார்கள். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அது உழைப்பு. மற்றொன்று, பாசத்தோடு எல்லோரையும் பாட்டி, தாத்தா என்று அழைப்பது. அங்கே அது மரியாதைக் குறைவாகப் படலாம். எப்படி அழைக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, அந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.

வேலை கிடைத்தபின் பிள்ளைப்பேறு, ஊர்ப் பயணம் என்று காலம் ஓடிவிடும். தொடர்ந்து 24 மாதங்கள் சம்பளத்துக்கு இந்தப் பணியைச் செய்யாவிட்டால், மறுபடியும் பயிற்சியோ தேர்வோ முடித்தாக வேண்டும். முழுநேரம் முடியாதவர்கள் அவ்வப்போது ஒரு வார இறுதி ஷிஃப்டாவது பாருங்கள். அந்தச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பணி செய்ததற்குச் சான்று கேட்கும்போது உதவும்.